மண் தெரியாத தோட்டம்

நான் தோட்டத்தில் வழுக்கி விழுந்த அன்று என் மகன் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். குடிப்பதற்கு இல்லை, காலுக்கு. செடிக்கு விடுகிற மாதிரியே ரப்பர் குழாயை என் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, மண் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பார்த்தான். உறிஞ்சி முடித்ததும் "குடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனான். இடுப்பில் உயிர் போகிற வலி. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா விழுந்துகிடந்தால் கத்த வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. மண்ணில் இருப்பது எதுவானாலும் தண்ணீர் விட வேண்டும், அதுதான் தெரியும்.

அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறோம். காதோரம் நரை விழுந்துவிட்டது, இன்னும் சின்னவன்தான். சட்டைப் பட்டனை நான் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டை ஆறவைத்துத் தட்டில் எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அவன் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். பிறந்தபோதே மூளைக்குக் காற்று போதவில்லை என்றார்கள். அவனுக்கென்று இந்த உலகத்தில் ஒரே வேலை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது. காலையில் அதை முடித்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் சமர்த்து. மழை பெய்து மண் நனைந்த நாட்களில் ஜன்னலோரம் நின்று கையைக் கடித்துக்கொள்வான். அவனுக்குச் செடியைவிட மண்தான் பெரிது. எலுமிச்சை மரத்தடியில் ஒன்றும் முளைக்காத ஓர் இடம் உண்டு. அங்கேதான் அதிக நேரம் தண்ணீர் விடுவான்.

அவனுடைய அப்பா, அதாவது என் வீட்டுக்காரர், ஒரு பிஸ்கட் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியை விட்டு வந்தாரே தவிர மெயின்டனன்ஸை விட்டு வரவில்லை. வீட்டில் எந்தக் கதவும் கிரீச்சிடக் கூடாது, எந்தக் குழாயும் சொட்டக் கூடாது; தோட்டத்தை மட்டும் அவர் கவனித்ததில்லை. சின்னவனும் உடைந்தது, கழன்றது எதைப் பார்த்தாலும் கையில் எடுத்துக்கொண்டு நேராக அப்பாவிடம்தான் போவான். கொடுத்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து காத்திருப்பான். அவரும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அதைச் சரிசெய்து கொடுத்துவிடுவார். கை போன பொம்மையிலிருந்து என் மூக்குக் கண்ணாடி வரை அப்படி எத்தனையோ. அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்ட பேச்சே அதுதான்.

நான் விழுந்ததும் பெரியவள் ஓடி வந்தாள். சின்னவனுக்கு மூத்தவள், வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். வந்த நாள் முதல் ஒரு பக்கம் என்னைத் தூக்கி உட்காரவைப்பது, இன்னொரு பக்கம் தம்பியைக் குளிப்பாட்டுவது என்று அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிளம்புகிற அன்று பின்வாசலில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். பாசி பிடித்த நடைபாதை, அடைத்துக்கொண்ட வடிகால், இடுப்பு உயரத்துக்குக் களை. "இந்தத் தோட்டத்தையும் வச்சுக்கிட்டு இந்த வீட்ல யாரும்மா இருக்க முடியும்?" என்றாள்.

இதற்கு முன்கதை உண்டு. எங்களுக்கு அப்புறம் சின்னவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை நாங்கள் பெரியவளிடம் பல விதமாகக் கேட்டுவிட்டோம். இந்த வீட்டை எடுத்துக்கொள், குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடு, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்றெல்லாம் கேட்டாயிற்று. மாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. பேச்சை மாற்றிவிடுவாள், இல்லையென்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள். எனக்கு ராத்திரித் தூக்கம் போய் வருஷங்கள் ஆகின்றன.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கம்பெனியில் அவருக்கு அப்படித்தான் பழக்கம். புகார் வரும், போய்ப் பார்ப்பார், சரிசெய்வார், புகார் முடிந்தது. அதற்குப் பிறகு மெஷினுக்குச் சொந்தக்காரன் மெஷினை ஓட்டித்தான் ஆக வேண்டும். "இவ்வளவு நாளா வாயே திறக்காதவ இன்னைக்குத்தான் குறை என்னன்னு சொல்லியிருக்கா" என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாக்கு சொல்றா. உங்களுக்குப் புரியலையா?"

"சாக்காவே இருக்கட்டும். அந்தச் சாக்கு இல்லாம பண்ணிடறேன். அப்புறம் என்ன சொல்லுவா?"

எனக்கும் அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்கும் ஒரு நப்பாசை. ஒருவேளை தோட்டம்தான் காரணமோ என்னவோ.

நான் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தபோது அவர் சாக்கட்டியும் அளவு நாடாவுமாகத் தோட்டத்தில் திரிந்துகொண்டிருந்தார். சுவரில் படம் போட்டிருந்தார். திட்டம் ரொம்பச் சுலபம். தோட்டத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்: நான் இல்லாதபோது இது என்ன வேலை வைக்கும்? வேலை வைக்கும் என்றால் அது போக வேண்டியதுதான். புதினா கண்டபடி பரவும், போகட்டும். ரோஜாவைக் கவாத்து பண்ண வேண்டும், போகட்டும். மர பெஞ்சு மக்கிப்போகும், அதற்குப் பதில் சிமெண்டு பெஞ்சு. துணிக்கொடியின் இரும்புக் கம்பம் துருப்பிடிக்கும், அதற்குப் பதில் துத்தநாகம் பூசிய குழாய், அதற்குள்ளும் காங்கிரீட். எலுமிச்சை மரம் இலை கொட்டும், வேர் விட்டுத் தளத்தைத் தூக்கும். அதுவும் போகட்டும்.

"அப்படிப் பாத்தா முதல்ல என்னைத்தான் தூக்கி வெளிய போடணும். மாத்திரையே அரை டப்பா" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் சின்னவனைப் பார்த்தோம். அவன் எலுமிச்சை மரத்தடியில் குழாயோடு குந்தியிருந்தான். இந்த வீட்டில் யார் அதிகம் வேலை வைக்கிறார்கள் என்பதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொத்தனார் வந்தார், ஆட்கள் வந்தார்கள். மரத்தை வெட்டிய அன்று சின்னவனை முன்னறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். மரம் விழுந்த சத்தம் கேட்டு அவன் கையைக் கடித்த கடியில் ரத்தம் வந்தது. மரத்தைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை விட்டு வட்டமாகக் கட்டிவிடலாம் என்று கொத்தனாரே முன்பு சொல்லிப் பார்த்திருந்தார். இவர் கேட்டால்தானே. தரையைக் கெட்டித்து, களை வராமலிருக்கத் தடித்த விரிப்பு போட்டு, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கம்பி வலை, அதன்மேல் காங்கிரீட். லாரியா நிறுத்தப்போகிறீர்கள் என்று கொத்தனார் கிண்டல் செய்தார். நிறுத்தினாலும் தாங்க வேண்டும் என்று இவர் பதில் சொன்னார்.

நடுவில் ஒரு நாள் மாலை ஆட்கள் போன பிறகு நான் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு போய் அவர் எதிரில் நின்றேன். எலுமிச்சை மரம் இருந்த மூலையில் மட்டும் இன்னும் காங்கிரீட் விழவில்லை.

"அவனுக்கு ஒரு முழம் மண்ணு விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அந்த ஒரு முழம்தான் நாளைக்குச் சேறாகும், களையாகும். நீ மறுபடி விழுவ. அவ வந்து அதைத்தான் காட்டுவா."

"அவனுக்கு வேற என்னங்க இருக்கு?"

அவர் தளத்தின் வாட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மண்ணு இல்லாம இருந்துக்குவான். ஆள் இல்லாம இருக்க முடியாது."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் நிற்கும் என்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கவும் தெரியும். அன்றைக்குத் திரும்பி நடந்து வந்துவிட்டேன். மறுநாள் அந்த மூலையையும் மூடினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் வேடிக்கை. புதுக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் இறுகும். அந்த வேலையைச் சின்னவனிடம் கொடுத்தார்கள். குழாயைக் கையில் வாங்கியவன் முதலில் தயங்கினான். ஊற்றினான். புதுத் தளம் ஈரத்தை இழுத்துக்கொண்டது, மேலே இருந்த பளபளப்பு மெதுவாக மங்கியது. அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். "குடிச்சிடுச்சு" என்றான். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். "பாத்தியா, பழகிட்டான்" என்று என்னிடம் சொன்னார். காலை, மதியம், மாலை என்று சின்னவன் ஊற்றினான். இவ்வளவு நன்றாகத் தண்ணீர் குடித்த தளத்தைத் தான் பார்த்ததே இல்லை, இனி இது இரும்புதான் என்று கொத்தனார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரும்பானதும் தளம் குடிப்பதை நிறுத்திவிட்டது.

அன்றைக்குக் காலையில் சின்னவன் வழக்கம்போல் குழாயை வைத்தான். தண்ணீர் நிற்கவே இல்லை. இவர் போட்ட வாட்டம் அப்படி. எந்த மூலையில் ஊற்றினாலும் நேராக ஓடி வடிகாலில் விழும். சின்னவன் தண்ணீரின் பின்னாலேயே போனான், வடிகாலுக்குள் எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான், மறுபடி ஊற்றினான், மறுபடி பின்னால் போனான். மேல்தொட்டி காலியாகும் வரை இதேதான். நான் போய்க் குழாயை வாங்கினேன், கொடுத்துவிட்டான். அந்த வார்த்தையை அன்றைக்கு அவன் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. காலையில் எழுந்தால் குழாயைத் தேடுவதும் நின்றது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். ஜன்னலோரம் போய் நின்றுகொள்வான், வெயில் அடிக்கிற நாளிலும். பழகிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். போகப்போக அதையும் சொல்வதில்லை.

பெரியவள் தளத்தைப் பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும் அவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, பரிசோதனைக்கு அதிகாரி வருகிற மாதிரித் தயாராக நின்றார். வந்தவளைக் காபிகூடக் குடிக்கவிடாமல் பின்பக்கம் அழைத்துப் போனார். வாளித் தண்ணீரை மூலையில் கொட்டிக் காட்டினார். கம்பத்தை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். சிமெண்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தரம் துடைப்பத்தால் கூட்டினால் போதும், அதுகூட வேண்டாம், மழை கழுவிவிடும் என்றார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தாள்.

உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்தோம். சின்னவன் ஜன்னலோரம் நின்றான்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கப்பா" என்றாள்.

"ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடு."

"ஒரு குறையும் இல்லப்பா."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெற்றி. பெரியவள் காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை.

"இனிமே இந்த வீட்டை யாருக்கு வேணும்னாலும் வாடகைக்கு விடலாம்பா. வர்றவங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது."

அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அவள் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளோடு வேலை பார்க்கிறவரின் குடும்பம் இந்த ஊருக்கு மாற்றலாகி வருகிறது, வீட்டை எடுத்துக்கொள்வார்கள். அவள் இருக்கிற ஊரில் சின்னவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று உண்டு. நேரில் போய்ப் பார்த்துவிட்டாள். சுத்தமாக இருக்கிறது, அடிப்பதில்லை, அடுத்த மாதம் ஓர் இடம் காலியாகிறது. அதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. வீட்டு வாடகையை அப்படியே அங்கே கட்டிவிடலாம். நாங்கள் இருவரும் அவளோடு போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் போய்ப் பார்க்கலாம்.

அவர் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீ தோட்டம்தானே குறைன்னு சொன்ன?" என்று கேட்டார். கம்பெனி மேலாளரிடம் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டார்.

பெரியவள் அழுதுவிட்டாள். "ஸ்கூல் போற வயசுலேர்ந்து அவனைப் பாத்துக்கிட்டிருக்கேன்பா. என் கல்யாணத்துல கூட ஒரு கையால அவனைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். இனிமே என்னால முடியாது. முடியாதுன்னு உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதனாலதான் தோட்டத்தைச் சொன்னேன்."

நான் அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். பெற்ற வயிறு எரிய வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்க இருந்தேன். அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது. அவள் தலைப்பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாட்களில் சின்னவன் கடித்தது. யாரிடமும் காட்டாமல் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தாள். நான்தான் அப்போது அவளைச் சமர்த்து என்று தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினேன். வாயை மூடிக்கொண்டேன். திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் போனது எனக்கு.

கிளம்பும்போது அவள் தம்பியின் தலையைத் தடவினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பின்பக்கம் டங் டங் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அவர் எலுமிச்சை மரம் இருந்த மூலையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"நீ ஒரு முழம் கேட்டல்ல" என்றார். "இங்க இருக்கிற வரைக்குமாவது."

அடித்தார். பொறி பறந்தது, தளம் அசையவில்லை. உளியின் முனைதான் மழுங்கியது. மூச்சு வாங்க உட்கார்ந்தார், மறுபடி அடித்தார். கையளவுகூடப் பெயரவில்லை, ஒரு நாணயம் அளவுக்குச் சில்லு தெறித்து ஒரு சின்னக் குழி விழுந்தது, அவ்வளவுதான். அவர் போட்ட கம்பியும் ஜல்லியும், சின்னவன் வேளை தவறாமல் விட்ட தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை அது. கொத்தனாரைக் கூப்பிட்டு மெஷின் வைத்து உடைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார்.

"மெஷின் வச்சா தளம் முழுக்க விரிசல் விட்டுடும். வீடு பாக்க வர்றவங்க வேண்டாம்னு போயிட்டா, அவன் இருக்கப்போற இடத்துக்கு யார் கட்டுவா?"

சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்குக் குனிந்து அவர் பக்கத்தில் உட்காரக்கூட இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டுச் சின்னவன் வெளியே வந்தான். எத்தனையோ நாளாக எடுக்காத குழாயை எடுத்தான். அந்தக் குழியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். மண் தெரிகிறது என்று நினைத்தானோ என்னவோ, குழாயை அதன் வாயில் மெதுவாக வைத்து, நிரம்பியதும் குழாய் முனையை விரலால் அடைத்துக்கொண்டான். குந்தி உட்கார்ந்தான். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மூன்று பேரும் அந்த நாணயம் அளவுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அப்படியே நின்றது.

"அப்பா" என்றான் சின்னவன். "குடிக்கல."

அவன் வாயிலிருந்து 'குடிக்கல' என்ற சொல்லை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. சொல்லிவிட்டு, கழன்றது எதையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பானே, அதே மாதிரி அப்பா கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.